ஆறு பேர் சாப்பிட வர்றாங்கம்மா... என்ன சமைக்கட்டும்?

மன்னார்குடியில் ராத்திரி எட்டரை மணி. சாப்பாட்டுக் கடை முடிந்து, அம்மா அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடிக்கிறது. வீடியோ காலில் மகள். டல்லாஸில் அப்போது காலை பத்து மணி.

“அம்மா, சனிக்கிழமை ஆபீஸ்லேர்ந்து ஆறு பேர் சாப்பிட வர்றாங்க.”

“நல்லதுதானே. அரைச்சுவிட்ட சாம்பார் வை. உருளைக்கிழங்கு ரோஸ்ட் பண்ணு. பால் பாயசம் ஒண்ணு...”

“ஐயோ, அவங்க எல்லாம் அமெரிக்காக்காரங்கம்மா. ரெண்டு பேர் காரமே தொட மாட்டாங்க. போன மாசம் அவங்க வீட்டுக்குப் போனப்ப எனக்காகத் தேடித் தேடி வெஜிடேரியனா பண்ணியிருந்தாங்க. நானும் அவங்க தினம் சாப்பிடற மாதிரி ஏதாவது பண்ணணும்ல?”

அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாற்பது பேருக்கு இலை போட்டாலும் நெற்றி சுருங்காத மனுஷி. கண் அளவில் உப்பு போட்டாலும் ஒரு கல் கூடாது, குறையாது. ஆனால், ‘அமெரிக்காக்காரங்க தினம் ராத்திரி என்ன சாப்பிடுவாங்க?’ என்ற கேள்விக்கு அந்தக் கையில் பதில் இல்லை.

இப்படி ஒரு போன் வராத தெரு இன்றைக்கு டெல்டாவில் குறைவு. கும்பகோணம், மயிலாடுதுறை, பட்டுக்கோட்டை, திருவாரூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரு மகளோ மருமகளோ அமெரிக்காவில் புதுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறாள். வேலையில் கெட்டி; கார் ஓட்டவும் பழகிவிட்டாள். ஆனால், முதன்முதலாக வெள்ளைக்காரர்களையோ கறுப்பினத்தவரையோ வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும்போது மட்டும் வயிற்றைப் பிசைகிறது. நம் சாப்பாட்டைப் போட்டால் மூக்கைச் சுளிப்பார்களோ என்று ஒரு பயம். அவர்கள் சாப்பாட்டைச் செய்து சொதப்பினால் சிரிப்பார்களோ என்று இன்னொரு பயம்.

மன்னார்குடிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது.

துளசேந்திரபுரத்துப் பேத்தி வீட்டு வெண்டைக்காய்

மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம் 2020 நவம்பரில் உலகச் செய்தியானது. அமெரிக்காவின் துணை அதிபராகத் தேர்வான கமலா ஹாரிஸின் தாத்தா பி.வி.கோபாலனுக்கு அதுதான் பூர்வீகம். தர்மசாஸ்தா கோயிலில் பூஜை நடந்தது, வாசலில் கோலம் போட்டார்கள், பட்டாசு வெடித்தார்கள். அரசியல் அதோடு இருக்கட்டும். இங்கே பார்க்க வேண்டியது கமலாவை அல்ல, அவருடைய அம்மா சியாமளா கோபாலனின் அடுப்படியை.

1958-ல், 19 வயதில், தனியாளாக கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர் சியாமளா. டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்த பெண். பெர்க்லியில் ஊட்டச்சத்தும் நாளமில்லாச் சுரப்பியியலும் எடுத்துக்கொண்டு, 1964-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் பெயர் பெற்றார். அந்தக் காலத்தில் வாட்ஸ்அப் கிடையாது, இந்தியன் ஸ்டோர் கிடையாது. ஒரு குழம்பில் சந்தேகம் வந்தால் அம்மாவைக் கேட்டுக் கடிதம் எழுதி, பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் குழம்பும் ஆறிவிடும், பசியும் ஆறிவிடும்!

அந்த வீட்டுச் சமையலைப் பற்றி கமலா தன் சுயசரிதையில் விரிவாகவே எழுதியிருக்கிறார். அம்மா ஒரு விஞ்ஞானியைப் போலத்தான் சமைப்பாராம். ஒரு நாள் சீன முறையில் வதக்கிய இறைச்சி, இன்னொரு நாள் யூதர் வீட்டு உருளைக்கிழங்கு அடை. அலமாரி நிறைய மசாலா சாமான், கையில் கனமான சீனக் கத்தி. வெண்டைக்காய் வாங்கினால் அதற்கு இரண்டு வழி. அமெரிக்கக் கறுப்பினத்தவர் சமைப்பதுபோலக் காய்ந்த இறாலும் சாசேஜும் சேர்த்து ஒரு வழி; மஞ்சள்தூளும் கடுகும் போட்டு நம் ஊர் வதக்கலாக ஒரு வழி.

கவனியுங்கள். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு அவர் மாறவில்லை. ஒரே காய், ஒரே வாணலி, இரண்டு ஊர். வந்த நாட்டின் சமையலைக் கூச்சமில்லாமல் கற்றுக்கொண்டார். பிறந்த வீட்டுக் கடுகை டப்பாவில் மூடி ஒளித்துவைக்கவும் இல்லை. புதுக்குடித்தனக்காரப் பெண்களுக்கு இதைவிட எளிமையான பாடம் கிடைக்காது.

வெண்டைக்காய் சும்மா வந்த உதாரணமும் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அமெரிக்கா போன காய் அது. லூசியானா மாநிலத்தின் புகழ்பெற்ற ‘கம்போ’ என்கிற குழம்பின் பெயரே வெண்டைக்காய்க்கான ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கம்போவைச் சோற்றில் ஊற்றித்தான் சாப்பிடுவார்கள். குழம்பும் சோறும்! டெல்டாக்காரருக்கு இது அந்நியமா என்ன?

பரங்கிக்காய் யார் வீட்டுக் காய்?

‘அமெரிக்கச் சமையல் நமக்கு வராது’ என்கிறவர்கள் ஒரு முறை தங்கள் காய்கறிக் கூடையைக் கொட்டிப் பார்க்கலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி... இத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்து, கொலம்பஸ் காலத்துக்குப் பிறகு கப்பலேறி நம் கரைக்கு வந்தவை. பொங்கலுக்குக் கூட்டு வைக்கும் பரங்கிக்காயின் பெயரிலேயே ‘பரங்கி’ உட்கார்ந்திருக்கிறான்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பல வீடுகளில் இன்றும் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகுதான். தக்காளி, உருளைக்கிழங்குக்கும் அன்று இடமில்லை. முன்னோருக்குத் தெரியாத காய்கள் என்று இலையில் வைப்பதில்லை. வருஷத்தில் அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் நம் அடுப்பில் பாதி அமெரிக்காதான் கொதிக்கிறது.

வெளிநாட்டு விருந்தாளிக்கு அவர் ஊர் சாப்பாடு போடுவதும் தஞ்சாவூருக்குப் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை இருந்த மன்னர் இரண்டாம் சரபோஜி, ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். ஐரோப்பிய மொழிகளும் அறிவியலும் கற்றவர். 1826 மார்ச்சில் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சைக்கு வந்தபோது மன்னரின் ஆங்கில இலக்கிய அறிவைப் பார்த்து அசந்துபோனார். அரண்மனைச் சமையல் முறைகளைத் தொகுத்த ‘சரபேந்திர பாகசாஸ்திரம்’ என்ற நூலை சரஸ்வதி மகால் நூலகம் அச்சிலும் கொண்டுவந்திருக்கிறது. மராட்டியர் சமையலோடு ஆங்கிலேயர் சமையலும் அந்த அரண்மனைக்குத் தெரிந்திருந்தது. வந்தவர் நாக்கு அறிந்து பரிமாறுவது மானக்கேடு அல்ல, மரியாதை என்பது 200 வருஷத்துக்கு முன்பே தஞ்சைக்குத் தெரியும்.

ஒரு தட்டு, மூன்று இடம்

சரி, அவர்கள் தினம் ராத்திரி என்னதான் சாப்பிடுகிறார்கள்?

நம் இலையில் பத்துப் பதினைந்து இடம். உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி, கூட்டு, கறி, அப்பளம், பருப்பு... பிறகு சாம்பார், ரசம், மோர் என்று சுற்றுச் சுற்றாக வரும். அமெரிக்க வீட்டு டின்னர் தட்டில் இருப்பது மூன்றே இடம். நடுவில் ஒரு முக்கியப் பண்டம், பெரும்பாலும் கோழியோ மாட்டிறைச்சியோ மீனோ. பக்கத்தில் உருளைக்கிழங்கு, பாஸ்தா, சோறு, ரொட்டி என்று ஏதாவது ஒரு மாவுச்சத்து. இன்னொரு பக்கம் ஒரு காய் அல்லது சாலட். அவ்வளவுதான். எல்லாம் ஒரே நேரத்தில் மேஜைக்கு வரும். கடைசியில் ஒரு இனிப்பு.

பெயர்களைக் கேட்டு மிரள வேண்டாம். ‘மேஷ்டு பொட்டேட்டோ’ என்பது தாளிக்காத உருளைக்கிழங்கு மசியல். எண்ணெய்க்குப் பதில் வெண்ணெயும் பாலும். ‘சில்லி’ என்பது தக்காளி, வெங்காயத்தில் கொதித்த ராஜ்மா; வழக்கமாக இறைச்சி சேரும், சேர்க்காமலும் செய்வார்கள். ‘மேக் அண்ட் சீஸ்’ என்பது சீஸ் சாஸில் புரட்டிய மக்ரோனி. ‘கேசரோல்’ என்பது எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி ஓவனில் வைத்து எடுப்பது. அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்லும் ‘கிரீன் பீன் கேசரோல்’ பாட்டி காலத்துப் பண்டம் ஒன்றும் இல்லை. 1955-ல் ஒரு சூப் கம்பெனியின் சமையல் கூடத்தில் டார்கஸ் ரெய்லி என்ற பெண்மணி கண்டுபிடித்தது. கையில் இருந்த டின்களை வைத்து ஒரு வேலைநாள் ராத்திரிக்காகச் செய்த பண்டம், இன்று நன்றி நவிலும் நாள் விருந்தில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது.

காலை வாரிவிடும் ஐந்து பெயர்கள்

புதிதாகப் போனவர்கள் சொதப்புவது பெரும்பாலும் கைப்பக்குவத்தில் அல்ல, பெயர்களில்தான்.

*சில்லி பவுடர்:* அமெரிக்கக் கடையில் இந்தப் பெயரில் இருப்பது வெறும் மிளகாய்த்தூள் அல்ல. சீரகம், பூண்டு, ஓரிகானோ எல்லாம் கலந்த, காரம் குறைந்த மசாலாப் பொடி. செய்முறையில் ‘இரண்டு டேபிள்ஸ்பூன் சில்லி பவுடர்’ என்று போட்டிருப்பதை நம்பி, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய குண்டு மிளகாய்த்தூளைக் கொட்டினால் விருந்தாளி தண்ணீர்க் குடத்தைத் தேடி ஓட வேண்டியதுதான்.

*கார்ன் ஃப்ளவர்:* நம் ஊரில் இது சூப்பில் கரைக்கும் வெள்ளை மாவு. அங்கே அதற்குப் பெயர் கார்ன் ஸ்டார்ச். கார்ன் பிரெட்டுக்கு வேண்டியது கார்ன் மீல்; மஞ்சளாக, ரவை போல இருக்கும்.

*பிஸ்கட்:* தேநீரில் தோய்ப்பது அல்ல. வெண்ணெய் போட்டுச் சுட்ட, மிருதுவான பன் போன்றது. நம் பிஸ்கட்டுக்கு அங்கே ‘குக்கி’ என்று பெயர்.

*ஒரு கப்:* அமெரிக்கச் செய்முறைகளில் இது 240 மில்லி. நம் ஆழாக்கு கிட்டத்தட்ட 168 மில்லிதான். டேபிள்ஸ்பூன் 15 மில்லி, டீஸ்பூன் 5 மில்லி. கண் அளவு குழம்புக்கு உதவும். கேக், ரொட்டி வகைகளுக்கு உதவாது. அங்கே அளவு பிசகினால் திருத்த வழியில்லை.

*350 டிகிரி:* ஓவன் சூட்டை அவர்கள் ஃபாரன்ஹீட்டில் சொல்வார்கள். 350 என்றால் ஏறக்குறைய 177 செல்சியஸ். 400 என்றால் 204. 425 என்றால் 218.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

நம் ஊரில் விருந்தாளியிடம் ‘நீங்கள் எதெல்லாம் சாப்பிட மாட்டீர்கள்?’ என்று கேட்பது கொஞ்சம் சங்கடம். அங்கே கேட்காமல் இருப்பதுதான் தப்பு. அழைக்கும்போதே, ‘உங்களுக்கு ஒவ்வாமை ஏதாவது உண்டா? சாப்பிடாத பண்டம் உண்டா?’ என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள்.

இது வெறும் நாகரிகம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. பால், முட்டை, மீன், இறால்-நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா, எள் ஆகிய ஒன்பதையும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாக அமெரிக்கச் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. ஒன்பதாவதாக எள் சேர்ந்தது 2023 ஜனவரியில்தான். இந்தப் பட்டியலை டெல்டா அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாளிக்க நல்லெண்ணெய், புளியோதரையில் நிலக்கடலை, பாயசத்தில் முந்திரி, சாம்பாரில் சேரும் கூட்டுப்பெருங்காயத்தில் கோதுமை மாவு, எல்லாவற்றிலும் நெய். நாம் ‘இதுல ஒண்ணும் இல்லைங்க, வெறும் சாம்பார்தான்’ என்று சொல்லும் பண்டத்திலேயே மூன்று இருக்கலாம். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரு துண்டு போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் எதில் என்ன போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிவைப்பது நல்லது.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு...

இனி மன்னார்குடி மகளுக்கு வருவோம். விருந்தாளிகள் ஆறு பேர், வீட்டில் இரண்டு பேர். ஆக, எட்டுத் தட்டு. அவர் சைவம். அதனால் பட்டியல் இதுதான்: ராஜ்மா சில்லி, கார்ன் பிரெட், ஓவனில் வறுத்த வெண்டைக்காய், ஒரு பச்சைக் காய்கறி சாலட், கடையில் வாங்கிய ஆப்பிள் பையும் ஐஸ்கிரீமும். இதோடு நம் ஊர்ப் பண்டம் ஒன்றே ஒன்று.

*நான்கு மணி - சில்லி:* அகலமான பாத்திரத்தில் நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, பெரிய வெங்காயம் மூன்று, குடைமிளகாய் மூன்று, பூண்டு ஆறு பல் வதக்குங்கள். சீரகத்தூள் மூன்று டீஸ்பூன், அவர்கள் ஊர் சில்லி பவுடர் மூன்று டேபிள்ஸ்பூன், காய்ந்த ஓரிகானோ ஒரு டீஸ்பூன். தக்காளி விழுது ஒரு பெரிய டின், கிட்டத்தட்ட 800 கிராம். வேகவைத்த ராஜ்மா டின் நான்கு. ஒவ்வொன்றும் 425 கிராம் இருக்கும். தண்ணீரை வடித்து, அலசிப் போடுங்கள். டின் ராஜ்மாவிலேயே உப்பு இருக்கும். அதனால் உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு கப் மக்காச்சோள முத்து, இரண்டு கப் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் நாற்பது நிமிஷம். காரம் விரும்புகிறவர்களுக்கு நறுக்கிய பச்சைமிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். துருவிய சீஸ், புளித்த க்ரீம், கொத்தமல்லித்தழை மூன்றும் அதன் பக்கத்தில். அவரவர் தட்டில் அவரவர் போட்டுக்கொள்வார்கள்.

*ஐந்து மணி - கார்ன் பிரெட்:* கார்ன் மீல் ஒரு கப், மைதா ஒரு கப், சர்க்கரை கால் கப், பேக்கிங் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்துகொள்ளுங்கள். பால் ஒரு கப், முட்டை ஒன்று, உருக்கிய வெண்ணெய் மூன்றில் ஒரு பங்கு கப். முட்டை வேண்டாம் என்றால் கால் கப் கெட்டித் தயிர். இரண்டையும் சேர்த்துக் கரண்டியால் நாலு திருப்பு, அவ்வளவு போதும். அடை மாவு மாதிரி அடித்துக் கலக்கினால் ரொட்டி கல்லாகிவிடும். வெண்ணெய் தடவிய எட்டு அங்குலத் தட்டில் ஊற்றி, 400 டிகிரியில் இருபது முதல் இருபத்தைந்து நிமிஷம். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் தயார்.

*ஆறு மணி - வெண்டைக்காய்:* முக்கால் கிலோ பிஞ்சு வெண்டைக்காயைக் கழுவி, ஈரமே இல்லாமல் துடைத்து, நீளவாக்கில் இரண்டாக்கி, எண்ணெய், உப்பு, மிளகுத்தூள் புரட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி 425 டிகிரியில் பதினைந்து முதல் இருபது நிமிஷம். இந்தச் சூட்டில் கொழகொழப்பு இருக்காது, ஓரம் முறுகும். அமெரிக்கர்களிலேயே பலர் வெண்டைக்காயை ஒதுக்குவதற்குக் காரணம் அந்தக் கொழகொழப்புதான். இப்படிச் செய்தால் அவர்களும் எடுத்துக்கொள்வார்கள்.

அசைவ வீடுகளில் சில்லிக்குப் பதிலாக எலும்போடு கூடிய கோழித்தொடை வறுக்கலாம். எட்டுப் பேருக்குப் பன்னிரண்டு துண்டு. உப்பு, மிளகு, பூண்டுத்தூள், எண்ணெய் தடவி 425 டிகிரியில் நாற்பது நிமிஷம் போல ஆகும். கறியின் உள்சூடு 165 ஃபாரன்ஹீட்டைத் தொட்டதா என்று தெர்மாமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மாடு, பன்றி இரண்டையும் யார் சாப்பிடுவார்கள், யார் மாட்டார்கள் என்று தெரியாத கூட்டத்துக்குக் கோழி பாதுகாப்பு.

நம் ஊர்ப் பண்டம் ஒன்று என்று சொன்னதற்குக் கும்பகோணம் கடப்பாவைவிடப் பொருத்தமானது இல்லை. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், கசகசா, சோம்பு. காரம் குறைவு, நிறம் சாது, மணம் மட்டும் கும்பகோணம். கார்ன் பிரெட்டை அதில் தோய்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், இட்லிக்கே போட்டியாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: அடுக்குமாடி வீட்டில் கடுகு, மிளகாய் தாளிப்பதை விருந்தாளி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து, புகைபோக்கி மின்விசிறியைப் போடாமல் தாளித்தால் புகை அலாரம் வீடே அதிரும்படி கத்தும்.

‘போதும்’ என்றால் போதும்

சமையலைவிடக் கஷ்டமான இடம் இதுதான். டெல்டாவில் உபசாரம் என்றால் வற்புறுத்துவது. ‘போதும்’ என்று கையால் இலையை மறைத்தாலும், விரல் இடுக்கில் ஒரு கரண்டி விழும். வயிறு நிறைந்தவர் வேண்டாம் என்பதும், வீட்டுக்காரர் விடமாட்டேன் என்பதும் ஒரு விளையாட்டு. இரண்டு பக்கமும் விதி தெரிந்து ஆடுகிற விளையாட்டு.

அமெரிக்க விருந்தாளிக்கு அந்த விதி தெரியாது. அவர் ‘வேண்டாம், நன்றி’ என்றால் நிஜமாகவே வேண்டாம். மீண்டும் மீண்டும் கேட்டால் திணறிப்போவார். பாத்திரங்களை மேஜை நடுவில் வைத்துவிட்டு, ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று ஒருமுறை சொன்னால் போதும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற வழக்கத்தையும் அன்றைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். வீட்டுக்காரி உட்கார்ந்து கரண்டியை எடுக்கும்வரை அங்கே விருந்தாளி காத்திருப்பார். நீங்கள் நின்றுகொண்டே பரிமாறினால் அவர் தட்டில் எல்லாம் ஆறிக்கொண்டிருக்கும்.

வரும்போது ஒரு பாட்டில் ஒயினோ, பூங்கொத்தோ, இனிப்போ கொண்டுவருவார்கள். ‘எதுக்குங்க இதெல்லாம்’ என்று மறுக்காமல் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ‘நான் என்ன எடுத்துவரட்டும்?’ என்று ஒருவர் கேட்டால், சாலடை அவர் தலையில் கட்டிவிடலாம். அங்கே அது குறைச்சல் அல்ல. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளைக் கழுவ வந்து நிற்பார்கள். அதையும் தடுக்க வேண்டாம். நம் ஊரில் விருந்தாளியைப் பாத்திரம் கழுவவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடும். அங்கே சிங்க் அருகில் நின்று பேசும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பாதி சிநேகிதம் பிறக்கிறது.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அதற்கும் சியாமளா வீட்டில் ஒரு வழி இருந்தது. மிஞ்சியதை எல்லாம் எடுத்து, ரொட்டியைக் குக்கி அச்சில் விதவிதமாக வெட்டி, கலர்க் குச்சி குத்தி, ‘இன்றைக்கு ஸ்மோர்காஸ்போர்டு’ என்று ஸ்வீடன் நாட்டு விருந்தின் பெயரைச் சொல்லி மகள்களுக்குப் பரிமாறுவாராம். பழையதுக்கு இப்படி ஒரு பட்டாபிஷேகம்! சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்து, தனியாளாக இரண்டு பெண்களை வளர்த்த தாய் அவர். மேஜையில் வறுமை தெரியவிடவில்லை.

உப்புக் கரித்த எலுமிச்சைத் துண்டு

இவ்வளவும் செய்தும் ஏதோ ஒன்று சொதப்பிவிட்டால்?

அதே சுயசரிதையில் இன்னொரு சம்பவம். கமலா சின்னப் பெண்ணாக இருந்தபோது, அம்மாவின் சமையல் புத்தகத்தைப் பார்த்து ‘லெமன் பார்’ என்கிற எலுமிச்சை இனிப்பைச் செய்தார். ஒரு மத்தியானம் முழுக்க அதற்கே போயிற்று. பார்க்க அழகாக வந்தது. பக்கத்தில் இருந்த ரெஜினா ஷெல்டன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். லூசியானாவிலிருந்து வந்து குழந்தைகள் காப்பகம் நடத்திய கறுப்பினப் பெண்மணி அவர். சியாமளா ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த நேரமெல்லாம் அந்த இரண்டு பெண்களையும் பார்த்துக்கொண்ட இன்னொரு தாய்.

ஷெல்டன் ஒரு பெரிய கடி கடித்தார். கமலா சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டிருந்தார்! ஷெல்டன் அதைத் துப்பவில்லை. ரொம்ப நன்றாக இருக்கிறது, உப்புதான் ஒரு துளி தூக்கலோ என்கிற மாதிரி சொல்லிவைத்தார். ‘நான் தோற்றுவிட்டேன்’ என்ற எண்ணமே அன்றைக்கு வரவில்லை, நன்றாகச் செய்ததில் சின்னதாக ஒரு தப்பு என்றுதான் பட்டது என்று கமலா பிறகு எழுதினார்.

நம் ஊர் மாமியார்களுக்கும் நாத்தனார்களுக்கும்கூட இந்தக் கதையைச் சொல்லலாம்.

புதிய ஊரில், புதிய அடுப்பில் ஒருத்தி பயந்து பயந்து சமைத்து நீட்டுகிற தட்டில் முதலில் தெரிவது ருசி அல்ல, அவள் எடுத்துக்கொண்ட சிரமம். அது தெரிந்தவர்தான் விருந்தாளி. அப்படிப்பட்ட ஆறு பேரில் நாலு பேர் நிச்சயம் மறுபடி வருவார்கள். வந்து, ‘அந்த மஞ்சள் குழம்பு, பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, அது இன்றைக்கு இல்லையா?’ என்று கடப்பாவைக் கேட்பார்கள்.

அன்றைக்கு மன்னார்குடிக்கு இன்னொரு போன் வரும். இந்த முறை அம்மாவிடம் பதில் இருக்கும்.